ஜாயிண்டா, புதுக் கேபிளா: 11 கே.வி. நிலத்தடிக் கேபிள் பழுதானபின் எடுக்க வேண்டிய முடிவு

சென்னையில் உயர் அழுத்த மின் இணைப்பு பெற்றிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களுக்குள் அவசரப் பொதுக்குழு கூடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வாசலருகே உள்ள மீட்டர் அறையிலிருந்து பின்புறத்து டிரான்ஸ்ஃபார்மர் வரை மண்ணுக்கடியில் செல்லும் 11 கே.வி. (11,000 வோல்ட்) கேபிள் பழுதாகியிருக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே சங்கத்தின் கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும், மேசையில் மூன்று கொட்டேஷன்கள் கிடக்கும். பழுதான இடத்தை வெட்டி, இரு முனைகளையும் சேர்த்து ஒரு ஜாயிண்ட் போட்டுவிடலாம் என்பது முதலாவது. பழுதைச் சுற்றியுள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய துண்டு ஒன்றைச் சேர்த்து இரண்டு ஜாயிண்ட் போடலாம் என்பது இரண்டாவது. முழுக் கேபிளையும் மாற்றிவிடலாம் என்பது மூன்றாவது. இவை போதாதென்று, இனி இந்தத் தொல்லையே வேண்டாம், இன்னொரு கேபிளை ஸ்பேராகப் போட்டுவைப்போம் என்று உறுப்பினர் ஒருவர் எழுந்து சொல்வார். மின்வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிந்துவிடுவதால், அதற்கு இந்தப் பக்கம் உள்ள கேபிளைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் குடியிருப்போர்தான்.

என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் கொட்டேஷன்களைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்பது, கேபிள் எதனால் போனது என்பதைத்தான். பொக்லைன் பல் பட்ட வெளிக்காயமா, முன்பு போட்ட ஜாயிண்ட் தோற்றுவிட்டதா, கேபிளின் உடலுக்குள்ளேயே நீர் ஏறி இன்சுலேஷன் நைந்துவிட்டதா என்று தெரிந்துவிட்டால், நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். அது தெரியாமல் எடுக்கும் முடிவில், குறைந்த விலைக்குப் போனாலும் கூடிய விலைக்குப் போனாலும், அடுத்த மழைக்கு அதே கூட்டத்தை மறுபடியும் கூட்ட நேரிடலாம்.

காரணத்தைக் கண்டறிவதற்கு முதல் தடையாக இருப்பது, "ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே" என்ற பழக்கம். பழுதை உணரும் ரிலே வேலை செய்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுந்தவுடன், காரணம் தெரியாமலேயே அதை மறுபடியும் ஏற்றிப் பார்ப்பார்கள். துணைமின் நிலையத்தில் 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்து, அதன் மின்மறிப்பு 10 விழுக்காடு என்று கொண்டால், அதன் 11 கே.வி. பக்கத்தில் ஏற்படும் முழுக் குறுக்குச் சுற்றுக்குச் சுமார் 8,400 ஆம்பியர் பாயக்கூடும். இடையில் உள்ள கேபிளின் நீளம் அதைக் குறைக்கும் என்றாலும், ஆயிரக்கணக்கான ஆம்பியர் என்பதில் மாற்றமில்லை. அந்த மின்னோட்டம் பழுதான புள்ளியோடு நின்றுவிடாது. அதற்கு முன்னால் உள்ள ஒவ்வொரு ஜாயிண்டையும், கேபிளின் முனையில் செய்யும் இணைப்பான டெர்மினேஷனையும் உலுக்கிவிட்டுத்தான் அங்கே சென்று சேரும். ஒரு பழுது இரண்டாவதும், பழுது எப்படித் தொடங்கியது என்பதற்கான தடயம் எரிந்து கரியாவதும் இப்படித்தான். ஓவர்ஹெட் லைனில் மரக்கிளை உரசி விழுந்த பிரேக்கரை மறுபடி ஏற்றுவதில் ஓரளவு நியாயம் உண்டு. மண்ணுக்கடியில் போன இன்சுலேஷன் தானாகக் கூடிவருவதில்லை.

ஆகவே இரண்டு முனைகளையும் கழற்றி, எர்த் செய்து மின்னேற்றத்தை வடித்த பிறகு, இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் 5 கே.வி. மெக்கரால் ஒவ்வொரு ஃபேஸையும் தனித்தனியாக அளப்பது முதல் வேலை. அடுத்ததாகக் கேபிள் ஃபால்ட் வண்டி வரவேண்டும். வண்டியிலுள்ள கருவி கேபிளுக்குள் ஒரு மின் துடிப்பை அனுப்பி, அது பழுதான இடத்தில் பட்டு எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. எக்ஸ்.எல்.பி.இ. எனும் பாலிஎத்திலீன் வகை இன்சுலேஷன் கொண்ட கேபிளில் அந்தத் துடிப்பு மைக்ரோ நொடிக்கு 168 மீட்டர் அளவில் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், போய்த் திரும்ப 1.9 மைக்ரோ நொடி ஆகும்போது பழுது ஏறத்தாழ 160 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள். பழுதின் மின்தடை அதிகமாக இருந்தால் வெறும் துடிப்பு அதைக் காணாமல் கடந்துவிடும். அப்போது உயர் அழுத்த மின் அடியைக் கொடுக்கும் சர்ஜ் ஜெனரேட்டரால் அந்த இடத்தில் ஒரு கணம் தீப்பொறியை எழுப்பி, அந்தக் கணத்தில் துடிப்பை அனுப்ப வேண்டும். எந்த முறையாயினும், கருவி சொல்வது கேபிளின் நீளத்தில் 160 மீட்டரை. தரையில் நாம் டேப் பிடித்து அளக்கும் 160 மீட்டரை அன்று. கேபிள் வளைந்து சென்றிருக்கும், முனைகளில் சுருள் விட்டிருப்பார்கள். அதனால்தான் கடைசிச் சில மீட்டர்களுக்குக் காது தேவைப்படுகிறது.

விருகம்பாக்கத்தில் ஒரு குடியிருப்பில், 240 மீட்டர் நீளமுள்ள கேபிளுக்கு நவம்பர் இரவொன்றில் இந்தத் தேடல் நடந்தபோது நான் உடனிருந்தேன். ஆறு நொடிக்கு ஒருமுறை சர்ஜ் அடிக்க, தரையில் ஒலிவாங்கியை வைத்து வைத்து நகர்ந்துகொண்டிருந்த இளைஞர், கார் கழுவும் மேடைக்கு அருகில் வந்ததும் கையை உயர்த்தினார். ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டேன். தண்ணீர் நிறைந்த குடத்தை வெளியிலிருந்து முட்டியால் தட்டியது போன்ற, உள்ளடங்கிய ஓர் ஓசை. விடிந்ததும் தோண்டினார்கள். களிமண்ணில் முக்கால் மீட்டர் இறங்குவதற்குள் குழியில் நீர் ஊறிவிட்டது. மோட்டார் வைத்து இறைத்தபின் வெளிப்பட்டது ஏழு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒரு ஜாயிண்ட்.

அதை அங்கேயே அறுத்து எறிந்துவிடாமல் மேசைமேல் வைத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். வெளி உறையை நீளவாக்கில் கீறியதும் இரண்டு தேக்கரண்டி அளவுக்குப் பழுப்பு நீர் வடிந்தது. ஒரு ஃபேஸில் மட்டும் துளை; அதன் ஓரத்திலிருந்து இன்சுலேஷன் பரப்பின்மேல் வேர்போலக் கிளைத்த கரிக்கோடு. அந்தக் கோடு தொடங்கும் இடத்தைத் துடைத்துப் பார்த்தபோது, செமிகான் படலம், அதாவது இன்சுலேஷன்மேல் உள்ள அரைக்கடத்திப் படலம், முடியும் விளிம்பில் கேபிளைச் சுற்றி வட்டமாக ஒரு கத்தித் தடம் தெரிந்தது. செமிகானை உரிக்கும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி, அடியிலுள்ள வெண்ணிற இன்சுலேஷனையும் அரை மில்லிமீட்டர் கீறியிருந்தது. மின்புலம் மிகவும் குவியும் இடமே அந்த விளிம்புதான். அங்கே ஏற்பட்ட அந்தச் சின்னக் கீறலுக்குள் காற்று தங்கி, பகுதி மின்னிறக்கம் (இன்சுலேஷனை முழுதாக உடைக்காத நுண்ணிய தீப்பொறி) நிகழ்ந்து, ஏழு ஆண்டுகளாக உள்ளிருந்தே அரித்திருக்கிறது. சரியாக அடைபடாத வெளி உறை வழியாக நீர் புகுந்து, மீதி வேலையை முடித்திருக்கிறது. உடன் இருந்த முதிய ஜாயிண்டர் அந்தத் தடத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "மழையிலே அவசரப்பட்டிருக்காங்க சார்" என்றார். அன்று பழியை மழையின்மேல் போட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு, இந்த ஒரு வரி எந்தக் கொட்டேஷனையும்விடப் பயனுள்ளதாக இருந்தது.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். முதல் கொட்டேஷனில் சொல்லப்படும் ஒற்றை ஜாயிண்ட், கேட்பதற்கு எளிமையானது. ஆனால் பெரும்பாலான இடங்களில் நடைமுறைக்கு வராதது. பழுதான பகுதியை வெட்டி எடுத்தால் அரை மீட்டராவது குறையும். நீர் புகுந்திருந்தால் அலுமினியக் கம்பி இழைகளின் ஊடாகவும் ஆர்மர் எனும் உலோகக் கவசத்துக்கு அடியிலும் அது இரண்டு பக்கமும் பரவியிருக்கும் என்பதால், காய்ந்த பகுதி தெரியும்வரை மேலும் வெட்ட வேண்டும். குறைந்த நீளத்தை ஈடுசெய்யும் அளவுக்குத் தளர்ச்சி நடுவழியில் யாரும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். இழுத்துப் பிடித்துப் போட்ட ஜாயிண்ட், மண் இறங்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் கனெக்டரை இழுத்துக்கொண்டே இருக்கும். டெர்மினேஷனுக்கு அருகில் பழுதாகி, அங்கே சுருள் மிச்சமிருந்தால் மட்டும் இந்த வழியை ஏற்கலாம். இல்லையென்றால், ஈரப்பகுதியை முழுவதும் வெட்டாமல் விட்டுத்தான் அந்த விலைக்குச் செய்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாவது வழியான துண்டு சேர்ப்பதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைக் கொட்டேஷன்கள் சொல்வதில்லை. இரண்டு ஜாயிண்ட் கிட்டுகளின் விலையும், ஜாயிண்டரின் கூலியும், ஃபால்ட் வண்டிக்கான வாடகையும், வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தித் தரும் எல்.சி. (லைன் கிளியர்) வாங்குவதற்கான அலைச்சலும், சேர்க்கும் துண்டு ஐந்து மீட்டராக இருந்தாலும் ஐம்பது மீட்டராக இருந்தாலும் ஒன்றே. கூடுவது கேபிளின் விலையும் குழி தோண்டும் செலவும் மட்டும். ஆகவே துண்டின் நீளத்தைப் பழுதின் அளவை வைத்துத் தீர்மானிக்காமல், இரண்டு ஜாயிண்டுகளும் எங்கே விழ வேண்டும் என்பதை வைத்துத் தீர்மானிப்பதே புத்திசாலித்தனம். நீர் தேங்காத, வண்டிகள் ஏறாத, நாளை யாரும் மழைநீர் சேகரிப்புக் குழி வெட்டமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு மேட்டிடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு இடைப்பட்டது முழுவதையும் புதிதாக இழுக்க வேண்டும். கேபிளின் மற்றப் பகுதி நல்ல நிலையில் இருக்கும்போது, வெளிக்காயத்துக்கும் ஜாயிண்ட் பழுதுக்கும் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் கருத்து.

வெட்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: ஒரே பள்ளத்தில் இரண்டு மூன்று கேபிள்கள் ஓடும் இடங்கள் சென்னையில் சாதாரணம். தெருவோரத்தில் பில்லர் பாக்ஸுக்குச் செல்லும் தாழ்வழுத்தக் கேபிள்கள் வேறு அருகில் கிடக்கும். வெட்டப்போவது எந்தக் கேபிள் என்பதைக் கருவியால் அடையாளம் கண்டு, தூரத்திலிருந்து இயக்கும் ஸ்பைக்கிங் கருவியால் குத்தி, மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யாமல் ரம்பத்தைக் கையில் எடுக்கவே கூடாது.

முழுக் கேபிளையும் மாற்றுவது எப்போது நியாயமாகிறது? கேபிளின் உடலில், ஜாயிண்டே இல்லாத இடத்தில், வெளிக்காயமும் இல்லாமல் பழுது வந்திருந்தால் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரத்தில் பல ஆண்டுகள் கிடந்த எக்ஸ்.எல்.பி.இ. இன்சுலேஷனுக்குள் நுண்ணிய நீர்க்கிளைகள் வளர்கின்றன. நீர் மரம் என்று துறையில் சொல்வது இதைத்தான். ஓரிடத்தில் அது முற்றியிருந்தால், அதே ஈரத்தில் கிடக்கும் மற்ற இடங்களிலும் முற்றிக்கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். அங்கே துண்டு சேர்ப்பது, நைந்த வேட்டியில் புதுத் துணியை ஒட்டுப்போடுவது போலத்தான். ஏற்கெனவே மூன்று நான்கு ஜாயிண்டுகள் விழுந்துவிட்ட 200, 300 மீட்டர்க் கேபிளுக்கும் இதே தீர்ப்புதான். ஆனால் இப்படி முடிவெடுத்தாலும், மழை நடுவே அவசரமாக இழுக்க வேண்டாம். இப்போதைக்குத் துண்டு சேர்த்து மின்சாரத்தை மீட்டுவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த மண்ணில் நிதானமாகப் புதுக் கேபிளை இழுப்பதே நல்லது. பாதை தெருவைக் கடப்பதாக இருந்தால் வேறு வழியும் இல்லை. மழைக்காலத்தில் சாலை வெட்டு அனுமதியை மாநகராட்சி நிறுத்திவைப்பது வழக்கம். அரசு மின் ஆய்வுத் துறையின் ஒப்புதலுக்கான காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக இழுக்கும்போது, மின்கார் சார்ஜர்கள் வரப்போகின்றன, ஆகவே பெரிய கேபிளாகப் போடுவோம் என்ற பேச்சு இப்போதெல்லாம் தவறாமல் எழுகிறது. ஆயிரம் கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் இயங்கினாலும் 11 கே.வி. பக்கத்தில் எடுப்பது 52 ஆம்பியர்தான். 120 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் அதைப் போல மூன்று மடங்கைச் சிரமமில்லாமல் தாங்கும். இந்த அளவுகளைத் தீர்மானிப்பது சுமையைவிடக் குறுக்குச் சுற்று மின்னோட்டம்தான். குடியிருப்புகளில் உயர் அழுத்தக் கேபிள் சூடேறிக் கெட்டுப்போனதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். கெடுப்பவை தண்ணீர், கத்தி, பொக்லைன் ஆகிய மூன்றுதான். பெரிய கேபிளுக்குக் கூட்டிக் கொடுக்கும் பணத்தை வெளி உறைப் பாதுகாப்புக்கும் நல்ல ஜாயிண்டருக்கும் செலவிடுவது மேல்.

ஸ்பேர் கேபிள் யோசனையை நான் அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். மருத்துவமனைக்கும் தரவு மையத்துக்கும் அது அவசியம். ஆனால் குடியிருப்புகளில் அது போடப்படும் விதம், பணத்தை மண்ணில் புதைப்பதற்குச் சமம். செலவை மிச்சப்படுத்த அதே பள்ளத்தில் பக்கத்திலேயே போடுகிறார்கள். ஒரே பொக்லைன் இரண்டையும் கிழித்துவிடும், ஒரே வெள்ளம் இரண்டையும் நனைத்துவிடும். முனையில் மூடி சரியாக வைக்காமல் டெர்மினேஷன் இல்லாமல் விட்டுவிட்டால், மின்சாரமே பாயாத அந்தக் கேபிள் சும்மா கிடந்து நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். தேவைப்படும் நாளில் மெக்கர் வைத்தால் அதுவும் பூஜ்ஜியம் காட்டும். வேறு பாதையில், எதிர்ப்புறச் சுற்றுச்சுவரை ஒட்டி, இரு முனைகளிலும் டெர்மினேஷன் செய்து, ஒரு முனையில் எப்போதும் மின்சாரம் கொடுத்துவைக்க முடியுமானால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு. லிஃப்ட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்புக்கும் ஜெனரேட்டர் இருக்கும் குடியிருப்புக்கு, அந்தச் செலவு தேவையில்லை என்பதே என் தீர்ப்பு.

ஜாயிண்ட் கிட்டில் சூடேற்றிச் சுருக்கும் ஹீட் ஷ்ரிங்கா, சூடில்லாமல் தானே சுருங்கும் கோல்ட் ஷ்ரிங்கா என்பதில் நீண்ட விவாதம் வேண்டாம். முன்னதற்கு டார்ச் நெருப்பும், நான்கு புறமும் ஒரே சீராகச் சுருக்கும் பொறுமையும் வேண்டும்; பின்னதற்கு நெருப்பு வேண்டாம், ஆனால் காலாவதி நாளைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டுமே நல்ல கையில் நீடிக்கும். கொட்டகை போட்டு, குழியை இறைத்து உலர்த்தி, ஜாயிண்டரை அவசரப்படுத்தாமல் விடுவது கிட்டின் பிராண்டைவிட முக்கியம். பழைய காகித இன்சுலேஷன் கேபிளில் வேலை பழகிய ஜாயிண்டர்கள், காகிதத் துண்டைச் சூடான எண்ணெயில் போட்டு, குமிழி எழுகிறதா என்று பார்த்து ஈரத்தைக் கண்டுபிடிப்பார்கள். அந்தத் தலைமுறையிடம் இருந்த ஈர பயம் இப்போது குறைந்துவருகிறது.

பழுது பார்த்து முடித்தபின் என்ன சோதனை செய்வது என்பதில் தவறான தேர்வு நல்ல வேலையையும் கெடுத்துவிடும். மெக்கர் மட்டும் போதும் என்பார்கள். கத்திக் கீறலையும் நீர் மரத்தையும் அது காணாது, ஜிகா ஓம் காட்டிய கேபிள் அடுத்த வாரமே போவதுண்டு. மறுகோடியில், பழைய வழக்கப்படி உயர் அழுத்த டி.சி. கொடுத்துச் சோதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காகிதக் கேபிளுக்கு அது சரியாக இருந்தது, வயதான எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் டி.சி. விட்டுச்செல்லும் மின்னூட்டம் நீர் மரத்தருகே தங்கி, மறுபடி மின்சாரம் கொடுக்கும்போது அதே இடத்தை உடைக்கக்கூடும். 0.1 ஹெர்ட்ஸ், அதாவது பத்து நொடிக்கு ஒரு சுற்று என்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் சோதிக்கும் வி.எல்.எஃப். முறையையே நான் பரிந்துரைப்பேன். அதனோடு டான் டெல்ட்டாவை (இன்சுலேஷனில் ஏற்படும் மின் இழப்பின் அளவை) அளந்தால் கேபிளின் உடல் எவ்வளவு முதுமையடைந்திருக்கிறது என்று தெரியும், எந்த இடத்தில் என்பது தெரியாது. பகுதி மின்னிறக்கச் சோதனை ஜாயிண்டுகளின் குறையை இடம் சுட்டிக் காட்டும். ஆனால் நீர் மரம் மின்னிறக்கம் இல்லாமலேயே வளர்வதால், அது இந்தச் சோதனையில் சிக்காது. ஒன்றுதான் முடியுமென்றால், ஜாயிண்ட் போட்ட வாரத்தில் பகுதி மின்னிறக்கத்தையும், முழுக் கேபிளையும் மாற்றுவதா என்று யோசிக்கும் ஆண்டில் டான் டெல்ட்டாவையும் செய்யுங்கள்.

தடுப்பைப் பொறுத்தவரை, மலிவான வழிகளே அதிகம் பலன் தருகின்றன என்பது இத்துறையின் அதிர்ஷ்டம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1255, 11 கே.வி. கேபிளுக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் ஆழம் கேட்கிறது. மணல் படுக்கை, மேலே செங்கல் அல்லது ஓடு, அதற்கும் மேலே எச்சரிக்கை நாடா. தி. நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் போன்ற களிமண் பகுதிகளில் பள்ளம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், பைப் வழியாகச் செல்லும் இடங்களில் இரு வாய்களையும் அடைக்க வேண்டும். திருவான்மியூர், சாந்தோம் மணலில் நீர் வடிந்துவிடும். அங்கே கவலை, மேல்மண் சரிந்து ஆழம் குறைவதுதான். தெருவில் தோண்டுபவர்களுக்காக ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியைத் தொடங்கியது. சுற்றுச்சுவருக்குள் தோண்டுபவருக்கு அப்படி எதுவும் இல்லை. தோட்டக்காரரும் பிளம்பரும் செயலாளரிடம் கேட்காமல் கடப்பாரையை இறக்கக் கூடாது என்ற ஒரு விதியும், செயலாளர் காட்டுவதற்கு ஒரு வரைபடமும்தான் அங்கே பாதுகாப்பு. வரைபடம் இல்லாத குடியிருப்பில், பழுதுக்காகத் தோண்டிய குழி மூடப்படுவதற்கு முன்பே அதை வரைந்துவிட வேண்டும்.

விருகம்பாக்கத்துச் சங்கம் கடைசியில் 38 மீட்டர்த் துண்டைத் தேர்ந்தெடுத்தது. பழைய ஜாயிண்ட் இருந்த கார் கழுவும் மேடையை முழுவதுமாகத் தாண்டி, ஒரு ஜாயிண்ட் வேப்பமரத்து மேட்டிலும், மற்றொன்று ஜெனரேட்டர் அறையின் பக்கச்சுவரை ஒட்டியும் விழுந்தன. ஜாயிண்டருக்கு இரண்டு பகல் முழுதாகக் கொடுக்கப்பட்டது. குழியை மூடிய மாலையில் செயலாளர் பெயிண்ட் டப்பாவோடு வந்து, ஜெனரேட்டர் அறைச் சுவரில் சிவப்பு அம்புக்குறி ஒன்றை வரைந்து, அதன் கீழே ஜாயிண்டின் ஆழத்தையும் சுவரிலிருந்து அதன் தூரத்தையும் தேதியையும் தன் கையால் எழுதிவைத்தார்.